நுண்ணோக்கியில் தெளிவு எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்விகள் – பதில்கள்

ஒளி நுண்ணோக்கியைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: படம் ஏன் தெளிவாக இல்லை, தெளிவாக்க எதை வாங்க வேண்டும்? கையில் இருக்கும் கருவியைச் சரியாகக் கையாண்டாலே தீரக்கூடிய குறைகள் அவற்றில் பல என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு நுண்ணோக்கி வாங்க நன்கொடை கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ ஒரே விலையில் 1000 மடங்கு பெருக்கும் கருவி ஒன்றும் 2000 மடங்கு பெருக்கும் கருவி ஒன்றும் கிடைக்கின்றன. 2000 மடங்குக் கருவியை வாங்குவதுதானே நல்லது?
– உயிரியல் ஆசிரியை, விழுப்புரம்

பதில்: இல்லை. 2000 என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண் உருப்பெருக்கத்தைக் குறிக்கிறது. உங்கள் மாணவர்களுக்குத் தேவையானது பிரிதிறன். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டு என்றே காட்டும் ஆற்றல்தான் பிரிதிறன். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பிரிதிறனும் தானாகக் கூடும் என்று நினைப்பது இயல்புதான் என்றாலும் அது உண்மையன்று.

ஒளி ஓர் அலை என்பதால், வில்லை எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டிருந்தாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே அதனால் படமாக்க முடியாது. விளிம்பு விளைவின் காரணமாக ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாகப் பரவியே படத்தில் விழுகிறது. கோலப் புள்ளிகளை மிக நெருக்கி வைத்தால் மாவு ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே திட்டாகிவிடும். அந்தத் திட்டைப் படமெடுத்து எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் இரண்டு புள்ளிகள் மீண்டு வருவதில்லை. நுண்ணோக்கியிலும் பொருளருகு வில்லை பிரித்துக் கொடுக்காத எதையும் அதற்கு மேலே இருக்கும் கண்ணருகு வில்லையால் பிரிக்க இயலாது.

இந்த எல்லையை 1873-இல் வகுத்துச் சொன்னவர் ஜெர்மனியின் யெனா நகரில் நுண்ணோக்கிகள் செய்த கார்ல் ஸைஸின் தொழிற்கூடத்துக்காக உழைத்த எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளர். அதுவரை வில்லைகளைச் செய்து பார்த்து, திருத்தி, மறுபடி செய்து பார்க்கும் கைப்பழக்கமே முறையாக இருந்தது. கதிர்கள் ஒரே இடத்தில் குவியாத குறைகளான பிறழ்ச்சிகளைக் குறைக்கும் நோக்கத்தில் வில்லைக்குள் நுழையும் ஒளிக்கூம்பைக் குறுக்கிச் செய்த வில்லைகள், கணக்குப்படி குறையற்றவையாக இருந்தும், நுண்விவரங்களைக் காட்டத் தவறின. ஏன் என்று ஆராய்ந்தபோதுதான் விவரம் அந்த அகன்ற கூம்பின் ஓரக் கதிர்களில் இருக்கிறது என்பது அபேக்குப் புலப்பட்டது. அவர் தந்த சூத்திரம் எளியது: ஒளியின் அலைநீளத்தை எண்ணியல் துளையின் இரு மடங்கால் வகுத்தால், பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும். யெனாவில் உள்ள அவரது நினைவுச் சின்னத்தில் இந்தச் சூத்திரமே பொறிக்கப்பட்டிருக்கிறது.

எண்ணியல் துளை என்பது வில்லை எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை ஏந்துகிறது என்பதன் அளவு, ஆய்வகங்களில் என்.ஏ. என்பார்கள். பொருளருகு வில்லையின் உலோகக் கூட்டில் 40/0.65 என்று பொறித்திருந்தால் 40 என்பது உருப்பெருக்கம், 0.65 என்பது என்.ஏ. கண் மிக நன்றாக உணரும் 550 நானோமீட்டர் பச்சை ஒளியை வைத்துக் கணக்கிட்டால், 4/0.10 வில்லை 2.75 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியையும், 10/0.25 வில்லை 1.1 மைக்ரான் இடைவெளியையும், 40/0.65 வில்லை சுமார் 0.42 மைக்ரான் இடைவெளியையும், 100/1.25 எண்ணெய் வில்லை 0.22 மைக்ரான் இடைவெளியையும் பிரித்துக் காட்டும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபு தந்த அளவுகோலின்படி கணக்கிட்டால் இந்த எண்கள் சற்றே பெரியவையாகும், வரிசை மாறாது.

இப்போது உங்கள் 2000 மடங்குக்கு வருவோம். பெரும்பாலும் அது 100/1.25 வில்லையோடு 20 மடங்குக் கண்ணருகு வில்லையைப் பொருத்திக் கிடைக்கும் எண்ணாகவே இருக்கும். 0.22 மைக்ரானை 1000 மடங்கு பெருக்கினால் 0.22 மில்லிமீட்டர், 25 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கும் கண் அந்த இடைவெளியை எளிதாகப் பிரித்தறியும். அதற்கு மேல் பெருக்குவதால் மங்கலான வட்டங்கள் இன்னும் பெரிதாகின்றனவே தவிரப் புதிதாக ஒரு விவரமும் தோன்றுவதில்லை. பார்வைப் புலம் சுருங்குகிறது, வெளிச்சமும் குறைகிறது. என்.ஏ. மதிப்பைப் போல 500 முதல் 1000 மடங்கு வரையே பயனுள்ள உருப்பெருக்கம் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வழிகாட்டு அளவு. 1.25 வில்லைக்கு உச்சம் 1250 மடங்கு.

ஆகவே விற்பனையாளரிடம் என்.ஏ. எவ்வளவு, ஒளியைக் குவித்துப் பொருளுக்கு அனுப்பும் அடி வில்லையான கண்டென்சரில், திறந்து மூடக்கூடிய டயஃப்ரம் என்ற ஒளித்துளை உண்டா, கண்டென்சரை மேலும் கீழும் நகர்த்த முடியுமா, நுண் ஃபோகஸ் திருகு தளர்வில்லாமல் சுழல்கிறதா என்று கேளுங்கள். பள்ளிக்கு நல்ல 40/0.65 வில்லையோடு 400 மடங்கு வரை காட்டும் உறுதியான கருவி போதும் என்பதே எங்கள் கருத்து. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு கருவி வாங்கினால், வரிசையில் நின்று ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மாணவர்கள் சற்று நேரம் அமர்ந்து பார்க்க முடியும்.

கேள்வி: 100 மடங்கு வில்லைக்கு மட்டும் எண்ணெய் விடச் சொல்கிறார்கள். எண்ணெய் என்ன செய்கிறது? ஆய்வக எண்ணெய் தீர்ந்துவிட்டால் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தலாமா?
– இளநிலை நுண்ணுயிரியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: எண்ணியல் துளை இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன்: வில்லைக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள ஊடகத்தின் ஒளிவிலகல் எண் ஒன்று, ஒளிக்கூம்பின் அரைக்கோணத்தின் சைன் மதிப்பு மற்றொன்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1. சைன் மதிப்பு 1-ஐத் தாண்டாது. எனவே காற்றில் வேலை செய்யும் வில்லை எதுவும் 1 என்ற எல்லையைக் கடக்க முடியாது, நடைமுறையில் 0.95 வரைதான் செல்ல முடிகிறது. கண்ணாடியிலிருந்து சுமார் 41 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் கதிர்கள் காற்றின் எல்லையில் முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பிவிடுகின்றன. நுண்விவரத்தைச் சுமந்து வருபவை அந்தச் சாய்ந்த கதிர்களே. கண்ணாடிக்கு நிகரான 1.515 ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெயை இடையில் விட்டால், கதிருக்கு எல்லை என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. 55 பாகை அளவுக்குச் சாய்ந்த கதிரும் வில்லைக்குள் நுழைகிறது.

தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45. அதை விட்டாலும் படம் தெரியும், காற்றை விட நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வில்லை 1.515-க்காகக் கணக்கிடப்பட்டது. எண் மாறும்போது ஓரக் கதிர்களும் நடுக் கதிர்களும் வெவ்வேறு தளங்களில் குவிகின்றன. இதைக் கோளப்பிறழ்ச்சி என்கிறோம். படத்தின் மீது பால் படர்ந்தது போன்ற மங்கல் தோன்றும். தவிரவும், தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்குவது; மார்கழிக் காலையிலோ குளிரூட்டப்பட்ட அறையிலோ அது வில்லையின் விளிம்பில் உறைந்து கிடப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆய்வக எண்ணெய் ஒரு துளி போதும் என்பதால் ஒரு குப்பி பல மாதங்களுக்கு வரும். அதையே வாங்கி வையுங்கள்.

கேள்வி: ரத்தத் தடவலை 10 மடங்கில் பார்த்தால் தெளிவாக இருக்கிறது, 100 மடங்கு எண்ணெய் வில்லையிலும் தெளிவாக இருக்கிறது. நடுவில் உள்ள 40 மடங்கு வில்லையில் மட்டும் எப்போதும் மங்கல். வில்லை கெட்டுவிட்டதா?
– ஆய்வக நுட்பர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வில்லையை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதுவதற்கு முன் இரண்டு செய்திகளைச் சரிபாருங்கள். இரண்டாவதை அறிந்தவர்கள் குறைவு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முதலாவது, எண்ணெய்க் கறை. 100 மடங்கில் பார்த்து முடித்தபின் வில்லைத் தலையை 40-க்குத் திருப்பினால், ஸ்லைடை ஒட்டியே நகரும் அந்த வில்லையின் முகம் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு வரும். 40 மடங்கு வில்லை காற்றில் வேலை செய்வதற்கானது. அதன் சிறிய முகத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாலே படம் குலைந்துவிடும். கண்ணருகு வில்லையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாகப் பயன்படுத்தினால் அந்தக் கறை கண்ணில் படும். வில்லைத் தாளில் மிகச் சிறிதளவு ஆல்கஹாலை நனைத்து மெதுவாக ஒற்றியெடுங்கள்; ஊற வைக்காதீர்கள், சட்டைத் துணியால் துடைக்காதீர்கள்.

இரண்டாவது, ஸ்லைடில் உள்ள பொருளை மூடும் மெல்லிய கண்ணாடித் தகடான கவர் ஸ்லிப். உங்கள் 40 மடங்கு வில்லையின் கூட்டில் 160/0.17 என்றோ ∞/0.17 என்றோ பொறித்திருக்கும். 0.17 என்பது அந்த வில்லை எதிர்பார்க்கும் கவர் ஸ்லிப்பின் கனம், மில்லிமீட்டரில். வில்லையை வடிவமைத்தவர் அந்தக் கண்ணாடித் தகட்டையும் ஒளிப்பாதையின் ஓர் உறுப்பாகவே சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார். ரத்தத் தடவலைக் கவர் ஸ்லிப் இல்லாமல் பார்ப்பதுதான் வழக்கம். அப்போது ஒளிப்பாதையில் ஓர் உறுப்பு குறைந்து, கோளப்பிறழ்ச்சி தலைதூக்குகிறது. 10/0.25 வில்லையின் கூம்பு குறுகலானது, அதற்கு இந்தக் குறை பொருட்டே இல்லை. 100 மடங்கில் எண்ணெய் கண்ணாடியின் வேலையைச் செய்துவிடுகிறது, தகடு இல்லாத குறை அங்கே தெரிவதில்லை. அகன்ற கூம்பும் காற்று இடைவெளியும் ஒருசேர அமைந்த 40-தான் மாட்டிக்கொள்கிறது.

தடவல் மீது ஒரு துளி எண்ணெய் விட்டு, அதன் மேல் கவர் ஸ்லிப் வைத்து, 40 மடங்கில் பாருங்கள். அணுக்களின் விளிம்புகள் கூர்மையடைந்தால் வில்லை நலமாக இருக்கிறது என்று பொருள். கவர் ஸ்லிப் வாங்கும்போது கடையில் 1.5 எண் தகடு கேளுங்கள், அதுவே 0.17 மில்லிமீட்டர் கனத்தது. 1 எண் தகடு அதைவிட மெலிது, 2 எண் தகடு கனமானது. தடவல் உள்ள பக்கம் கீழே போகுமாறு ஸ்லைடு தவறுதலாகப் புரண்டிருந்தாலும் 40-இல் இதே மங்கல் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது ஒரு மில்லிமீட்டருக்கும் மேலான கண்ணாடி வழியே பார்க்க நேரிடுகிறது, பல வேளைகளில் ஃபோகஸே கிடைக்காது.

கேள்வி: கன்ன உட்புறச் செல்களைப் பார்க்கும்போது ஓர் ஆசிரியர் டயஃப்ரத்தை மூடு, தெளிவாகத் தெரியும் என்கிறார். இன்னொருவர் மூடினால் படம் கெடும், திறந்து வை என்கிறார். யார் சொல்வது சரி?
– முதலாம் ஆண்டு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள், ஒருவர் கான்ட்ராஸ்ட்டை, அதாவது பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைப் பற்றியும் மற்றவர் பிரிதிறனைப் பற்றியும் பேசுகிறார்.

சாயமேற்றாத செல் ஏறக்குறைய ஒளிபுகும் பொருள். தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து வெளிச்சத்தில் அது அதிகம் வேறுபடுவதில்லை. டயஃப்ரத்தைக் குறுக்கினால் விளிம்புகள் கருத்து, செல் எழுந்து நிற்பதுபோல் தெரியும். அதற்குக் கொடுக்கும் விலை பிரிதிறன். ஏனெனில் பிரிதிறனைத் தீர்மானிப்பது பொருளருகு வில்லை மட்டுமன்று. கண்டென்சர் எவ்வளவு அகன்ற கூம்பாக ஒளியைச் செலுத்துகிறது என்பதும் சம அளவில் கணக்கில் வருகிறது. 40/0.65 வில்லைக்கு கண்டென்சரும் 0.65 அளவில் ஒளி தந்தால், ராலே அளவுகோலின்படி சுமார் 0.52 மைக்ரான் வரை பிரியும். டயஃப்ரத்தை 0.2 அளவுக்கு மூடிவிட்டால் அது 0.79 மைக்ரானாகத் தேய்ந்துவிடும். 40 மடங்கு வில்லைக்குப் பணம் கொடுத்துவிட்டு அதற்கும் தாழ்ந்த வில்லையின் பார்வையைப் பெறுகிறோம். மேலும், மிகவும் மூடிய நிலையில் விளிம்புகளைச் சுற்றித் தோன்றும் கருவளையங்கள் செல்லில் உள்ளவை அல்ல; பதிவேட்டில் அவற்றையும் செல்சுவர் என்று வரைந்துவிடும் மாணவர்கள் உண்டு.

நடைமுறை வழி இது. ஃபோகஸ் செய்தபின் கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். ஒளிரும் வட்டம் ஒன்று தெரியும். டயஃப்ரத்தை அசைத்தால் அதன் விளிம்பு அந்த வட்டத்துக்குள் வரும். வட்டத்தின் விட்டத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை திறந்திருக்குமாறு நிறுத்துங்கள். பொருளருகு வில்லையை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கன்னச் செல் போன்ற சாயமற்ற பொருளுக்கு இன்னும் சற்று மூடலாம், தவறில்லை. என்ன இழக்கிறோம் என்று தெரிந்தே மூட வேண்டும். மெத்திலீன் நீலத்தில் ஒரு துளி சேர்த்தால் அந்த இழப்பும் தேவைப்படாது. ஆனால் வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்பதற்காக டயஃப்ரத்தைத் தொடக்கூடாது. வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின் திருகு இருக்கிறது. கண்டென்சரைக் கீழே இறக்கி வைப்பதும் டயஃப்ரத்தை மூடியதற்குச் சமமே.

விளக்கடியில் இன்னொரு டயஃப்ரம் உள்ள கருவியானால், 1893-இல் ஆகஸ்ட் கோலர் வகுத்த ஒளியூட்டும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். விளக்கடி டயஃப்ரத்தை மூடி, அதன் விளிம்பு கூர்மையாகத் தெரியும் வரை கண்டென்சரை ஏற்றி இறக்கி, பிம்பத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, பார்வைப் புலம் நிறையும் வரை மட்டும் திறந்தால் போதும். தேவையற்ற சிதறொளி நீங்கும். புலம் முழுவதும் ஒரே சீராக ஒளிரும். சாயமேற்றாத உயிருள்ள செல்களையே நாள்தோறும் பார்க்க வேண்டியவர்களுக்கு, பிரிதிறனைப் பெரிதும் இழக்காமல் கான்ட்ராஸ்ட் தரும் கட்டவேறுபாட்டு நுண்ணோக்கி இருக்கிறது. அதைக் கண்டறிந்த டச்சு நாட்டு இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஸெர்னிகே 1953-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி: என்னுடைய நுண்ணோக்கியில் 5 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. 20 மெகாபிக்சல் கேமராவுக்கு மாறினால் படங்கள் கூர்மையாகுமா?
– வாசகர், சென்னை

பதில்: எந்த வில்லையில் படமெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வில்லை பிரித்துக் கொடுக்கும் இடைவெளி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பிக்சல் தேவை. 40/0.65 வில்லையின் 0.42 மைக்ரான் இடைவெளி 40 மடங்கு பெருகி 17 மைக்ரானாகிறது. கேமராவுக்கு முன் 0.5 மடங்கு அடாப்டர் இருந்தால் 8.5 மைக்ரான். அதற்கு 4.2 மைக்ரான் பிக்சல் போதும். 5 மெகாபிக்சல் கேமராக்கள் பலவற்றில் பிக்சலின் அளவு 3.45 மைக்ரான், ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. 100/1.25 வில்லைக்கு 5.5 மைக்ரான் பிக்சலே போதும், அங்கேயும் புதிய கேமரா ஒன்றும் கூட்டித் தராது. இதே அடாப்டருடன் 4 மற்றும் 10 மடங்கு வில்லைகளுக்கு 2.75 மைக்ரான் வேண்டும், 2.4 மைக்ரான் பிக்சல் கொண்ட 20 மெகாபிக்சல் கேமரா அங்கே உண்மையிலேயே உதவும். தாழ்ந்த பெருக்கத்துக்குத்தான் சிறிய பிக்சல் தேவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெருக்கம் உயரும் அளவுக்கு என்.ஏ. உயராததே காரணம்.

கேள்வி: நீல வடிகட்டியைப் போட்டால் பிரிதிறன் கூடும் என்று படித்தேன். உண்மையா? வீட்டிலிருந்தே என் கருவியின் பிரிதிறனைச் சோதிக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சிராப்பள்ளி

பதில்: அலைநீளம் குறைந்தால் பிரிதிறன் கூடும், 550-க்குப் பதில் 450 நானோமீட்டர் ஒளியில் 0.65 வில்லையின் எல்லை 0.42-இலிருந்து 0.35 மைக்ரானாகக் குறைகிறது. ஆனால் நம் கண்ணுக்கு நீலத்தில் கூர்மை குறைவு, சாதாரண வில்லைகளும் பச்சை ஒளியிலேயே சிறப்பாகத் திருத்தப்பட்டிருக்கும். கண்ணால் பார்ப்பவர்களுக்குப் பச்சை வடிகட்டியே நற்பயன் தரும். நிறங்கள் விலகித் தெரியும் குறையையும் அது நீக்கும். பழைய மஞ்சள் விளக்குகளோடு வரும் வெளிர் நீலக் கண்ணாடி ஒளியை வெண்மையாக்குவதற்கானது, அதற்கும் பிரிதிறனுக்கும் தொடர்பில்லை.

சோதனைக்கு ஒற்றைச் செல் பாசிகளான டயாட்டம்களை விடச் சிறந்த பொருள் இல்லை. சிலிக்காவாலான அவற்றின் ஓடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் ஏறக்குறைய மாறாத இடைவெளியில் வரிகள் இருப்பதால், நுண்ணோக்கி வல்லுநர்கள் 19-ஆம் நூற்றாண்டு முதலே அவற்றை அளவுகோலாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ப்ளூரோசிக்மா அங்குலாட்டம் என்ற இனத்தில் 10 மைக்ரான் நீளத்துக்குள் சுமார் 20 வரிகள், அதாவது வரிக்கு அரை மைக்ரான், நல்ல 40/0.65 வில்லை அதைக் காட்ட வேண்டும். ஆம்ஃபிப்ளூரா பெலூசிடாவின் வரிகள் கால் மைக்ரானை ஒட்டிய இடைவெளியில் நெருங்கியிருப்பவை. 100/1.25 வில்லையே அதற்குத் தடுமாறும். ஏனெனில் கண்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் இடையில் காற்று இருக்கும் வரை கண்டென்சரின் என்.ஏ. 1-ஐத் தாண்டாது. கண்டென்சரின் மேலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, குறைந்த அலைநீள ஒளியில், கேமராவால் படமெடுத்துப் பார்த்தால் அந்த வரிகள் பிடிபடும். நீல ஒளி தன் தகுதியைக் காட்டுவது இத்தகைய இடத்தில்தான்.

கேள்வி: 2014-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அபேயின் எல்லையை உடைத்ததற்காகக் கொடுக்கப்பட்டதாமே? அப்படியானால் சாதாரண நுண்ணோக்கியிலும் வைரஸைப் பார்க்க முடியுமா?
– 12-ஆம் வகுப்பு மாணவி, மதுரை

பதில்: எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவரும் பெற்ற அந்தப் பரிசு, ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு எல்லையைச் சுற்றிக் கடந்த வழிகளுக்கானது. ஹெல்லின் முறையில் ஒரு லேசர் மூலக்கூறுகளை ஒளிரச் செய்ய, வளைய வடிவிலான மற்றொரு லேசர் நடுவில் உள்ளவற்றைத் தவிர மற்றவற்றை அணைத்துவிடுகிறது. பெட்ஸிக், மோர்னர் ஆகியோரின் பணியிலிருந்து வளர்ந்த முறையில், மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் ஒளிராமல் சிலசிலவாக ஒளிர்கின்றன. ஒவ்வொன்றின் மங்கலான வட்டத்துக்கும் மையம் கணிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து ஒரு படம் கட்டப்படுகிறது. வட்டம் பெரிதாக இருந்தாலும் அதன் மையத்தைத் துல்லியமாகக் குறிக்க முடியும் என்பதே இதன் அடிப்படை. இதற்கு ஒளிரும் சாயமும் லேசரும் கணினியும் வேண்டும். உங்கள் பள்ளியின் நுண்ணோக்கிக்கு அபேயின் எல்லை அப்படியே பொருந்தும். கொரோனா வைரஸின் குறுக்களவு சுமார் 0.1 மைக்ரான் என்பதால் அதன் வடிவம் அதில் தெரியாது. வைரஸின் உருவத்தைக் காண, 1931-இல் எர்ன்ஸ்ட் ருஸ்கா மாக்ஸ் நோலுடன் சேர்ந்து தொடங்கிவைத்த எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டது.

ஒரு வேறுபாட்டை மட்டும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். எல்லையை விடச் சிறிய பொருள் கண்ணுக்கே படாது என்று அபே சொல்லவில்லை. இரண்டைப் பிரிக்க முடியாது என்றுதான் சொன்னார். மேகப்புண் நோயை உண்டாக்கும் ட்ரெப்போனிமா பாக்டீரியா 0.2 மைக்ரானுக்கும் மெல்லியது. சாதாரண ஒளியில் அது பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். நேரொளியை மறைத்துச் சிதறொளியை மட்டும் வில்லைக்குள் விடும் இருட்புல நுண்ணோக்கியிலோ, கரிய பின்னணியில் வெள்ளிச் சுருளாக நெளிந்து செல்வதைக் காணலாம். அங்கே கண்ணில் தெரியும் அகலம் பாக்டீரியாவின் அகலமன்று, வில்லையின் விளிம்பு விளைவு தந்த அகலம். இரண்டு பாக்டீரியாக்கள் மிக நெருக்கமாக ஒட்டிக் கிடந்தால் ஒன்றாகவே தோன்றும்.